பெயர்ப்பலகை இல்லாத மனநலம்

கொழும்பிலிருந்து வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டியதும், பேராதனைக்கு முன்னால், வீதியோரக் கடைகளில் பித்தளை விளக்குகள் மினுங்கும் ஊர் பிலிமத்தலாவை. அங்கே வசிக்கும் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக இரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டால், அடுத்து அவர் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பமில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், கண்டியில், பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. மருந்து இலவசம். ஒரு மில்லிலீற்றர் குருதியில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனையும் உண்டு. அந்த எண் குறையாவிட்டால் வைத்தியர் விழித்துக்கொள்வார், காரணம் தேடுவார். அதே மனிதர் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்வதில் பயனில்லை என்று நினைக்கிறார் என்பதும் வைரஸ் எண்ணிக்கையைப் போலவே தவறாமல் கேட்கப்பட்டு, தவறாமல் பதியப்பட வேண்டிய மருத்துவத் தகவல்தான். அதற்கெனத் தனிக் கதவு ஒன்றைத் திறக்கத் தேவையில்லை. மருந்து வாங்கும் கிளினிக்கிலும், காய்ச்சல் தடிமனுக்குப் போகும் ஊர் வைத்தியசாலையிலும் எல்லோரிடமும் கேட்கப்படும் வழக்கமான கேள்வியாக அது இருந்தால் போதும். என் வாதத்தின் அச்சாணி ‘எல்லோரிடமும்’ என்பதுதான்.

எச்.ஐ.வி. விடயத்தில் இலங்கை பெருமைப்படக் காரணங்கள் உண்டு. முதல் இலங்கை நோயாளி 1987இல் அடையாளம் காணப்பட்டார். 2004 முதல் வைரஸ் எதிர்ப்பு மருந்து அரச செலவில் கிடைக்கிறது. 2016 முதல், நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை குறையும் வரை காத்திருக்காமல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்கப்படுகிறது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வளர்ந்தோரில் தொற்று விகிதம் இன்னும் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான். ஆனால் புதிதாகப் பதிவாகும் தொற்றுகள் ஏறுமுகத்தில் இருக்கின்றன. 2022இல் 600ஐத் தாண்டிய எண்ணிக்கை அடுத்த ஆண்டில் 700ஐ நெருங்கியது. ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆகவே நோயாளியின் ஆயுள், துணையின் பாதுகாப்பு, தொற்றுக் கட்டுப்பாடு எல்லாமே ஒரு சின்னச் செயலில் தங்கியிருக்கின்றன: நாள் தவறாமல் மாத்திரை விழுங்குவது, அதுவும் ஆயுள் முழுக்க.

அந்தச் செயலை முதலில் குலைப்பது மனச்சோர்வு. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரிடம் மனச்சோர்வு ஏனையோரை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மனச்சோர்வுள்ள நோயாளிகள் வைத்தியர் சொன்னபடி சிகிச்சையைத் தொடராமல் விடும் வாய்ப்பு மற்றவர்களை விட மூன்று மடங்கு என்று, வெவ்வேறு நோய்கள் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அமெரிக்கப் பகுப்பாய்வு ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே கணித்தது. காரணம் விளங்காத ஒன்றல்ல. நாளை என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் இன்றைக்கு மருந்தெடுக்கிறார். அந்த நம்பிக்கையோடு ஞாபகமும் தூக்கமும் பசியும் சேர்ந்து தளர்கின்றன. பலருக்கு அந்த இடத்தில் மதுபானம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிக்கடி மருந்து தவறினால் வைரஸ் திரும்பப் பெருகும். அரைகுறை மருந்தின் நடுவே பெருகும் வைரஸ் அந்த மருந்துக்கே கட்டுப்படாததாக மாறக்கூடும். அந்த நிலையில் கிளினிக்கின் பதிவேட்டில் விழுவது ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்ற ஒரு வரி. ஒரு நோயின் அறிகுறி இப்படித்தான் ஒரு மனிதனின் குற்றமாகப் பதிவாகிறது.

இதில் உடலியல் பக்கம் ஒன்றும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களுக்குள்ளேயே மூளையைச் சென்றடைகிறது. அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்களில் தங்கி, ஓயாத ஒரு மெல்லிய அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருட்கள் உற்சாகத்தையும் தூக்கத்தையும் நிர்வகிக்கும் நரம்பு வழிகளைக் குழப்பக்கூடியவை. ஆகவே ‘செய்தி கேட்ட அதிர்ச்சிதான், நாளடைவில் சரியாகிவிடும்’ என்று ஒதுக்குவது மருத்துவரீதியாகவே அரைகுறை விளக்கம். மருந்தும் சில வேளை குற்றவாளிதான். உலகெங்கும் பல ஆண்டுகள் முதல்நிலை மருந்தாக இருந்த எஃபாவிரென்ஸ் பயங்கரக் கனவுகளையும் மனத் தளர்ச்சியையும் தரக்கூடியது. நான்கு மருத்துவப் பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த பகுப்பாய்வு, அந்த மருந்தை எடுத்தோரிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்ததைக் காட்டியது. இப்போது அதன் இடத்தைப் பிடித்துள்ள டொலுடெக்ராவிர் எவ்வளவோ மேல். ஆனாலும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. மருந்து கொடுக்கும் இடத்தில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது இங்கிதம் சம்பந்தப்பட்ட விடயமே அல்ல. அது பக்கவிளைவைக் கண்காணிக்கும் வேலை.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது சமூகம். தந்தை எச்.ஐ.வி.யால் இறந்தார் என்று பரவிய வதந்தியால் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையனுக்குப் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டன. மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். விவகாரம் 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் இடம் கொடுத்தது கண்டி திரித்துவக் கல்லூரி. ஒரு வதந்தியே இந்த அளவு செய்யும் நாட்டில், உண்மையான பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவர் எந்த அளவு அஞ்சுவார்? புதிய தொற்றுகளில் பெரும்பகுதி ஆண்களிடம், அதிலும் ஆணோடு ஆண் உறவு வழியாக வருகிறது. அந்த உறவையே குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னதே 2023இல்தான். நோயை மறைக்க வேண்டும், நோய் வந்த வழியையும் மறைக்க வேண்டும். இந்த இரட்டை மறைப்பின் கீழ் வாழ்பவரிடம் மனச்சோர்வு இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, அதற்கு ஊர் வைத்தியசாலை என்ன செய்ய முடியும்? கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் நோயாளிகளுக்கு, மனநல வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் துணை நின்றார்கள். அரச நிலையங்களில் அந்த உதவி பெற்றோரில் ஏறத்தாழ 66 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் தேறினர். வழக்கமான கவனிப்பில் 43 சதவீதத்தினர். தனியார் வைத்தியர்களிடம் போனவர்களிடத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. எச்.ஐ.வி.க்கு இன்னும் நெருக்கமான சான்று ஆபிரிக்காவிலிருந்து வருகிறது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா, கிளினிக் வளவில் மர வாங்கு ஒன்றைப் போட்டு, சமூக சுகாதாரப் பணியாளர்களான மூத்த பெண்களை அதில் உட்கார வைத்தார். பிரச்சினையைப் பேசி, ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு வழி காணும் ஆறு அமர்வுகள், அவ்வளவுதான். 2016இல் வெளியான பரிசோதனையில் பங்கெடுத்த 573 பேரில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி எஞ்சியிருந்தது அந்த உதவி பெற்றோரில் 14 சதவீதத்தினரிடம். மற்றவர்களில் சரிபாதிப் பேரிடம். வட உகண்டாவில் 30 சுகாதார நிலையங்களில், எச்.ஐ.வி.யோடு மனச்சோர்வும் உள்ள 1,140 பேரிடம் நடந்த குழுச் சிகிச்சைப் பரிசோதனை 2020இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் கடும் மனச்சோர்வு, குழுச் சிகிச்சை பெற்றோரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; வெறும் சுகாதாரக் கல்வி பெற்றோரில் 28 சதவீதம்.

இந்தக் கணக்குகளை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. தென்னாபிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 40 கிளினிக்குகளில், எச்.ஐ.வி. மருந்தெடுக்கும் மனச்சோர்வாளர்களிடம் நடந்த பெரிய பரிசோதனை ஏமாற்றமாகவே முடிந்தது. மனச்சோர்வும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, வைரஸ் எண்ணிக்கையிலும் மாற்றமில்லை. அமெரிக்காவில் 2015இல் வெளியான இன்னொரு பரிசோதனையில் மனச்சோர்வு குறைந்தது, ஆனால் மருந்தொழுங்கு முன்னேறவில்லை. ‘பார்த்தீர்களா, மனதைக் கவனித்தாலும் வைரஸ் கட்டுப்படவில்லையே’ என்று செலவுக்குப் பொறுப்பானவர்கள் கேட்கலாம். இரண்டு பதில்கள் உண்டு. அமெரிக்கப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓரளவு ஒழுங்காக மருந்தெடுத்தவர்கள். ஏறுவதற்கு அங்கே அதிக இடமிருக்கவில்லை. தென்னாபிரிக்காவிலோ, நெரிசல் மிகுந்த கிளினிக்குகளில் ஆலோசனை நோயாளியைப் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. ஹராரேயிலும் உகண்டாவிலும் உதவி கிடைத்தது நோயாளி வந்து நின்ற அதே வளவில். ‘அனுப்புகிறோம்’ என்பது வேறு, ‘இங்கேயே இருங்கள், பேசுவோம்’ என்பது வேறு. இரண்டாவது பதில் இன்னும் எளியது. நீரிழிவு உள்ளவரின் கால் புண்ணை ஆற்றும்போது, சீனி குறைந்தால்தான் புண்ணை ஆற்றுவோம் என்று யாரும் நிபந்தனை போடுவதில்லை. மனச்சோர்வு தன்னளவிலேயே ஒரு நோய். அது தீர்வதே போதுமான பலன்.

இனி மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வருவோம். பிலிமத்தலாவை போன்ற ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தாதி பக்கத்து வீட்டுக்காரர், மருந்து கலப்பவர் ஒன்றுவிட்ட சகோதரர், துண்டு எழுதுபவர் பாடசாலைத் தோழர். எச்.ஐ.வி. சிகிச்சையை ஊர் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால் முதலில் போவது இரகசியம். கண்டி கிளினிக்கில் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று பயந்து கொழும்புக்கே போய் மருந்தெடுக்க ஒருவர் நினைத்தால் அதை மூடத்தனம் என்று சொல்ல முடியாது. ஆபிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. மருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. நோயாளிகளும் அங்கே ஆயிரக்கணக்கில். இலங்கையில் நோயாளிகள் நாடு முழுவதும் சில ஆயிரம் பேர்தான். அந்த மாதிரியை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே கெடுதல்தான் விளையும். இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அதனால்தான் ஒருங்கிணைப்பை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். பாலியல் நோய்க் கிளினிக்குக்குள் மனநலக் கவனிப்பு போக வேண்டும்: முதல் வருகையிலும், பின்னர் வைரஸ் எண்ணிக்கை பார்க்கும் ஒவ்வொரு தடவையும், கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டு கேள்விகள், ‘ஆம்’ என்றால் விரிவான வினாக்கொத்து, தேவையானால் அதே கட்டடத்தில், அதே நாளில் பேச ஒருவர். ஊர் வைத்தியசாலையில் செய்ய வேண்டியது வேறு. அங்கே எச்.ஐ.வி. என்ற பேச்சே எழத் தேவையில்லை. நீரிழிவுக்காரர், இரத்த அழுத்தக்காரர், முதுகுவலிக்காரர் எல்லோரிடமும் அதே இரண்டு கேள்விகள் கேட்கப்படட்டும். அந்தக் கூட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளவரும் ஒருவராக இருப்பார். அவர் யாரென்று கேட்பவருக்கும் தெரியாது. மனநலத்துக்குத் தனிப் பெயர்ப்பலகை மாட்டிய அறையில் நுழைந்தால் ஒரு வெட்கம், எச்.ஐ.வி.க்கென்று எழுதிய அறையில் நுழைந்தால் இன்னொரு வெட்கம். பலகையே இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. பிள்ளை பெற்ற தாய்மாரிடம் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்கும் வழக்கம் நம் தாய்சேய் நலச் சேவைக்குள் வந்துவிட்டது. கேட்பவர் வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்; எல்லாத் தாய்மாரிடமும் கேட்பதால் எந்தத் தாயும் ‘என்னை மட்டும் ஏன்?’ என்று முகம் சுளிப்பதில்லை. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் இந்த வலையமைப்பு, பணக்கார நாடுகள் பலவற்றிடமும் இல்லாதது. சுனாமிக்கு மறுவருடமான 2005இல் வந்த மனநலக் கொள்கை, மனநல நிபுணர்களுக்காகக் காத்திருக்காமல், குறுகிய காலப் பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகளை மாவட்டங்களுக்கு அனுப்பும் வழியை ஊக்குவித்தது. கருவிக்கும் குறைவில்லை. இந்நாட்டு நோயாளிகள் தம் துயரைச் சொல்லும் முறையை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்ட ‘பேராதனை மனச்சோர்வு அளவுகோல்’ 2012இலேயே வெளியிடப்பட்டது. பிலிமத்தலாவைக்கு அடுத்த ஊரின் பெயரைத் தாங்கிய கருவி அது.

ஆனால் இரகசியத்துக்கும் விலை உண்டு. ஊர் வைத்தியருக்கு எச்.ஐ.வி. விடயம் தெரியாமல் இருப்பது சில மருந்துகளில் ஆபத்து. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கப்படும் கார்பமசெபின், டொலுடெக்ராவிரை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும்; வைரஸ் மருந்தின் அளவைக் கூட்டாவிட்டால் சிகிச்சை தோற்கலாம். லித்தியமும் டெனோஃபோவிரும் இரண்டுமே சிறுநீரகத்தைக் கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. வழமையான மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் போன்றவற்றில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆகவே எல்லை தெளிவு: இலேசான, நடுத்தர மனச்சோர்வை, பேச்சுச் சிகிச்சையோடும் எளிய மருந்தோடும், ஊரில் பார்க்கலாம், கடுமையானதும் தற்கொலை எண்ணம் உள்ளதும் பேராதனை போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பதை நோயாளியே, தன் சம்மதத்தோடு, சொல்லும் சூழலை உண்டாக்குவது வைத்தியரின் பொறுப்பு.

தமிழ் வாசகர்கள் அழுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. கண்டி மாவட்டத்தில் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை மலைச்சரிவுகளின் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் மனத்துயரை எந்த மொழியில் சொல்வது? தலைவலிக்கு இரண்டு சிங்களச் சொற்களும் ஒரு கைச்சைகையும் போதும். ‘சாகலாம் போலிருக்கிறது’ என்பதைச் சைகையில் சொல்ல முடியாது. மொழிபெயர்க்கப் பக்கத்தில் நிற்பவர் சிற்றூழியராகவோ, கூடவந்த உறவினராகவோ, சில வேளை சொந்தப் பிள்ளையாகவோ இருந்தால் எச்.ஐ.வி. பற்றிய இரகசியம் அந்தக் கணமே போயிற்று. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. ஆலோசனை அறையிலும் அது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அர்த்தம். வினாக்கொத்தைத் தமிழில் பெயர்த்து ஒட்டிவிட்டால் போதாது. மலையகத்தவர் நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, உடம்பு அசதி என்று சொல்லும் வடிவிலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

‘சோர்வுக்குக் காரணம் சமூகத்தின் ஒதுக்குதல், அதை விட்டுவிட்டு ஒதுக்கப்பட்டவருக்கு மாத்திரை கொடுப்பதா?’ என்று ஒரு கேள்வி முற்போக்குத் தரப்பிலிருந்து வரும். இதற்கு இந்நாட்டின் தற்கொலை வரலாறு பதில் சொல்லும். 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்ட தற்கொலை விகிதம், கடும் நஞ்சுப் பூச்சிகொல்லிகள் அடுத்தடுத்துத் தடைசெய்யப்பட்டதும் மளமளவென்று இறங்கியது. வறுமையும் குடும்பத் தகராறும் அப்போது ஒழிந்துவிடவில்லை. வேர்க்காரணம் தீரும் வரை காத்திருக்காமல், இடையில் ஒரு கண்ணியை அறுத்ததால் பல்லாயிரம் உயிர்கள் தப்பின. சட்டம் மாறட்டும், பாடசாலைகள் மாறட்டும். அதுவரை ஒருவர் தூங்க வேண்டும், மருந்து விழுங்க வேண்டும், நாளைக்கு இருக்க வேண்டும். ஆளணி இல்லை என்பதும் உண்மை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். மனநல நிபுணர் குறையும் நாட்டில்தான் தாதியும் ஆலோசகரும் செய்யக்கூடிய வேலையை அவர்களிடம் கொடுப்பது கட்டாயமாகிறது.

2021 ஜூனில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற எய்ட்ஸ் பிரகடனம், 2025க்குள் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் 90 சதவீதத்தினருக்கு மனநலம் உட்பட்ட ஒருங்கிணைந்த சேவை என்று இலக்கு வைத்தது. நம் ஊரில் அதற்குக் குறுக்கே நிற்பது நிர்வாகக் கோடு. தேசிய, போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ். மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களமும் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்றை முடிவுசெய்தால் தொடங்கிவிடலாம்: வெளிநோயாளர் பிரிவில் எல்லோரிடமும் கேட்கும் இரண்டு கேள்விகள், கண்டி கிளினிக்கில் அதே நாளில் சந்திக்கக்கூடிய ஆலோசகர், அந்த ஆலோசகர்களில் தமிழ் பேசும் ஒருவராவது. இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. அதற்கிடையில், இதைப் படிப்பவருக்கோ அவர் அறிந்தவருக்கோ மனம் தாங்க முடியாமல் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவையின் இலக்கம் 1926.